தன் பெயருக்குத் தானே முதலாளி: அலைன் தெலோனின் ஊர்களில் ஒரு வாரம்

திங்கள்: ஸோ, பூர்-லா-ரேன், ஃப்ரேன்

பிரெஞ்சு நடிகர் அலைன் தெலோன் 2024 ஆகஸ்ட் 18 அன்று 88 வயதில் காலமானபோது, உலகப் பத்திரிகைகள் பெரும்பாலும் அவருடைய முக அழகையும் ஒரு சில படங்களையும் பற்றியே எழுதின. அந்த முகத்துக்கு விலை நிர்ணயித்த மனிதரும் அவரேதான் என்பதைச் சிலரே பொருட்படுத்தினார்கள். படத் தயாரிப்பு, வெளிநாட்டு விநியோகம், குத்துச்சண்டைப் போட்டி, பந்தயக் குதிரை, ஓவியச் சேகரிப்பு, வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி என்று அவர் கைவைத்த தொழில்களின் பட்டியல் நீளமானது. நடிப்பு வாய்ப்புகள் குறைந்த பிறகு வணிகத்துக்குப் போனவர் என்று அவரை வருணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வாழ்ந்த ஊர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று இந்த வாரத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

பாரிசின் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து பி தடப் புறநகர் ரயிலில் தெற்கே அரை மணி நேரம் போனால் ஸோ வருகிறது. பதினான்காம் லூயியின் நிதி அமைச்சர் கோல்பேர் வாங்கி, தோட்டக்கலைஞர் லெ நோத்ரைக் கொண்டு அழகுபடுத்திய பெரும் பூங்கா ஒன்றைச் சுற்றி அமைந்த, வசதி படைத்தோர் வாழும் ஊர் இது. 1935 நவம்பர் 8 அன்று தெலோன் பிறந்தது இங்கேதான் என்றாலும், இந்தப் பூங்காவின் செல்வச் செழிப்புக்கும் அவருடைய குழந்தைப் பருவத்துக்கும் தொடர்பு அதிகம் இல்லை. தந்தை பாபியன் அடுத்த ஊரான பூர்-லா-ரேனில் ‘லெ ரெஜினா’ என்ற திரையரங்கை நிர்வகித்து வந்தார். மகனுக்கு நான்கு வயதாகும்போது பெற்றோர் பிரிந்தார்கள். சிறுவனைச் சம்பளத்துக்கு வளர்க்கும் ஒரு குடும்பத்தில் விட்டார்கள்.

அந்த வளர்ப்புத் தந்தை ஃப்ரேன் சிறைச்சாலையின் காவலர். 1898இல் திறக்கப்பட்ட அந்தச் சிறை இன்றும் இயங்குகிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிர்ப்பியக்கத்தினர் பலர் இங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். நீண்ட மதிலுக்கு வெளியே, மரங்கள் அணிவகுத்த சாலையில், பார்வையாளர் நேரத்துக்காகக் காத்திருந்த பெண்களோடு நானும் சிறிது நேரம் நின்றேன். காவலர்களின் பிள்ளைகளே தெலோனின் விளையாட்டுத் தோழர்கள். ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைத்த முன்னாள் பிரதமர் பியேர் லவால் 1945 அக்டோபர் 15 அன்று இந்த வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்த வெடிச்சத்தத்தைத் தாம் கேட்டதாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். சிறைவாசிகளாகவும் அவர்களைத் துரத்தும் காவலர்களாகவும் மாறி மாறி நடித்துப் பெயர் பெற்ற ஒருவருடைய இளமைக்கு இதைவிடப் பொருத்தமான ஊரைக் கதாசிரியர் ஒருவரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார்.

பிறகு தாயிடம் திரும்பினார். தாய் மறுமணம் செய்துகொண்டவர் பூர்-லா-ரேனில் பன்றி இறைச்சிப் பண்டங்கள் விற்கும் கடைக்காரர். பள்ளிகள் பலவற்றிலிருந்து வெளியேற்றப்பட்ட பையனுக்கு அந்தக் கடைத் தொழிலே கல்வியாயிற்று. அதற்குரிய தொழிற்சான்றிதழையும் அவர் பெற்றார். தந்தை வீட்டில் திரையரங்கின் கல்லா, தாய் வீட்டில் இறைச்சிக் கடையின் கல்லா என்று இரண்டையும் பார்த்து வளர்ந்தவர் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. சரக்கு, எடை, லாபம், கடைப் பலகையில் யாருடைய பெயர் இருக்கிறது என்பவையெல்லாம் அவருக்குக் கேமராவுக்கு முன்பே அறிமுகமானவை.

செவ்வாய்: பாரிஸ், லே ஆல் முதல் ஜென்னேர் வீதி வரை

தெலோன் 17 வயதில் கடற்படையில் சேர்ந்து இந்தோசீனப் போரின் கடைசிக் கட்டத்தில் சைகோனுக்குப் போனார். ஒழுங்கீனச் செயல்களுக்காகத் தண்டனை பெற்று, 1956இல் கையில் காசில்லாமல் பாரிஸ் திரும்பினார். அன்று பாரிசின் மையத்தில் இயங்கிய மொத்த விற்பனைச் சந்தையான லே ஆலில் மூட்டை தூக்கினார். உணவகப் பணியாளராகவும் இருந்தார். அந்தச் சந்தை 1969இல் புறநகரான ரன்ஜிஸுக்கு மாற்றப்பட்டு, இரும்புக் கூடாரங்களும் இடிக்கப்பட்டுவிட்டன. இன்று அங்கே தரைக்குக் கீழே வணிக வளாகமும் ரயில் சந்திப்பும் இருக்கின்றன. மேலே மஞ்சள் நிறக் கூரை ஒன்று கவிந்திருக்கிறது.

1957ஆம் ஆண்டின் கான் திரைப்பட விழாவுக்கு நண்பர்களோடு போனவரை ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் ஆள் கண்டு, ஆங்கிலம் கற்றுக்கொண்டால் ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார். தெலோன் பாரிசிலேயே தங்கி, இவ் அலெக்ரே இயக்கிய படத்தில் அறிமுகமானார். 1960இல் ரெனே க்ளெமான் இயக்கிய ‘பிளேன் சொலேய்’, லூக்கினோ விஸ்கொந்தி இயக்கிய ‘ரோக்கோவும் அவன் சகோதரர்களும்’ என்ற இரு படங்களும் ஒரே ஆண்டில் வந்தன. முதல் படத்தில் பணக்கார இளைஞன் வேடம்தான் அவருக்குத் தரப்பட்டது. அந்த இளைஞனைக் கொன்று அவனுடைய பெயரையும் கையெழுத்தையும் எடுத்துக்கொள்ளும் ஏழை வேடமே தமக்கு வேண்டும் என்று வாதாடிப் பெற்றார். எந்தச் சரக்கு விலைபோகும் என்பதை அந்த வயதிலேயே அறிந்திருந்தார் என்பதற்கு இது முதல் சான்று.

இரண்டாவது சான்று ஹான்ரி வெர்னேய் இயக்கி 1963இல் வெளிவந்த ‘மெலொதி ஆன் சூசோல்’. கதாநாயகன் அன்றைய பிரெஞ்சுத் திரையின் பெரியவர் ழான் கபேன். சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்கும் முதிய திருடனுக்கு உதவும் இளைஞன் பாத்திரத்தில் நடிக்கத் தெலோன் விரும்பினார். தயாரிப்புத் தரப்போ கபேனுக்குக் கொடுத்தபின் இன்னொரு பெரிய சம்பளம் தர இயலாது என்றது. அப்போது தெலோன் முன்வைத்த யோசனை பிரான்ஸில் புதியது. சம்பளமே வேண்டாம், அதற்குப் பதிலாக ஜப்பான், சோவியத் ஒன்றியம், அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் விநியோக உரிமையைத் தமக்குத் தாருங்கள் என்றார். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பெரிதாக மதிக்காத சந்தைகள் அவை. ஆனால் ‘பிளேன் சொலேய்’ படத்தால் ஜப்பானில் தமக்கு ஏற்பட்டிருந்த வரவேற்பை அவர் கவனித்திருந்தார். படம் அங்கே பெருவெற்றி பெற்றது. சம்பளமாக வந்திருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு அவருக்குக் கிடைத்தது. திருடிய பணம் முழுவதும் நீச்சல் குளத்தில் மிதந்து கைவிட்டுப் போகும் காட்சியோடு முடிகிற ஒரு படத்தில், சம்பளம் வாங்காத நடிகர் மட்டும் பணத்தைச் சிந்தாமல் எடுத்துப் போனார். அப்போது அவருக்கு வயது 27.

அதே ஆண்டில் வெளியாகிக் கானில் தங்கப் பனை விருது வென்ற விஸ்கொந்தியின் ‘சிறுத்தை’ படம் அவருக்குக் கலைப் புகழைத் தந்தது. ஆனால் அடுத்து அவர் செய்த காரியம் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியது. தம் முகவர் ஜோர்ஜ் போமுடன் சேர்ந்து ‘டெல்போ’ என்ற பெயரில் 1964இல் எடுத்த முதல் படமான ‘லான்சூமி’ அல்ஜீரியப் போரிலிருந்து தப்பி ஓடும் வீரனின் கதை. அது வழக்கில் சிக்கி வெட்டுப்பட்டது. ஹாலிவுட்டுக்குப் போய் நடித்த சில படங்களும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1968இல் தம் முதல் பெயரையும் குடும்பப் பெயரையும் சுருக்கி ‘ஆடெல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது பல ஆண்டுகள் நின்றது.

மாலையில் 13ஆம் வட்டாரத்தில் உள்ள ஜென்னேர் வீதிக்குப் போனேன். இயக்குநர் ழான்-பியேர் மெல்வில் சொந்தமாக வைத்திருந்த படப்பிடிப்புக் கூடம் இந்த வீதியில் இருந்தது. கூலிக்குக் கொலை செய்பவனின் வேடத்தில் தெலோன் அதிகம் பேசாமல் நடித்த ‘லெ சமுராய்’ இங்கே உருவாகிக்கொண்டிருந்தபோது, 1967 ஜூன் 29 அன்று கூடம் தீக்கிரையாயிற்று. தொப்பியும் மழைக்கோட்டும் அணிந்த அந்த உருவம் பின்னாளில் ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ உள்ளிட்ட பலரைப் பாதித்தது. தெலோனின் கடைச்சரக்கையும் அதுவே விற்றுக் கொடுத்தது. அதை ஜெனீவாவில் எழுதுவேன்.

புதன்: பாரிஸ், மேற்குப் பக்கம்

இன்று காலை அன்வலீத் வளாகத்தில் இருக்கும் விடுதலை விருது அருங்காட்சியகத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் விடுதலைக்காகப் போராடியோருக்கு ஜெனரல் தெ கோல் நிறுவிய விருது அது. ‘பிரெஞ்சு மக்கள் அனைவருக்கும்’ என்று தொடங்கி, 1940இல் லண்டனில் ஒட்டப்பட்ட சுவரொட்டிக்காக தெ கோல் எழுதிய கையெழுத்துப் படியைத் தெலோன் 1970இல் 3,00,000 பிராங்க் கொடுத்து ஏலத்தில் வாங்கி, அந்த விருதமைப்புக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். தெ கோல் மீது அவருக்கு இருந்த பற்று உண்மையானது. அதற்கு ஈராண்டுக்கு முன்புதான், தெலோனிடம் மெய்க்காவலராக இருந்த ஸ்டெவான் மார்க்கோவிச்சின் கொலை வழக்கில் தெலோன் பலமுறை விசாரிக்கப்பட்டு, அந்த விவகாரம் அடுத்து குடியரசுத் தலைவரான ஜார்ஜ் பொம்பிதூவின் குடும்பம் வரை வதந்திகளாகப் பரவியிருந்தது. கொலையாளி கண்டுபிடிக்கப்படவே இல்லை. தெலோன் மீது குற்றம் எதுவும் சாட்டப்படவும் இல்லை. அன்பளிப்பையும் வழக்கையும் முடிச்சுப் போட ஆதாரம் கிடையாது. ஒரு நாட்டின் வரலாற்றுத் தாளை விலைக்கு வாங்கி நாட்டுக்கே கொடுக்கும் நிலைக்கு, லே ஆலில் மூட்டை தூக்கியவர் பதினான்கே ஆண்டுகளில் வந்துவிட்டார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அங்கிருந்து நடந்தே சேன் நதிக்கரையில் வெல் திவ் நினைவிடத்தை அடைந்தேன். 1942 ஜூலை 16, 17 ஆகிய நாள்களில் பிரெஞ்சுக் காவல்துறை 13,000க்கும் மேற்பட்ட யூதர்களைக் கைது செய்து, அவர்களில் பெரும்பகுதியினரை இங்கிருந்த சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தது. இதைப் பின்னணியாகக் கொண்டு ஜோசப் லோசி இயக்கி 1976இல் வெளிவந்த ‘மிஸ்யே க்ளேன்’ படத்தின் இணைத் தயாரிப்பாளர் தெலோன்தான். ஊரைவிட்டு ஓட வேண்டிய யூதர்களிடமிருந்து ஓவியங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வணிகன் ஒருவன், தன் பெயரையே கொண்ட ஒரு யூதனோடு குழப்பப்பட்டு அழிவதுதான் கதை. பிரெஞ்சு அரசு தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள 1995 வரை ஆயிற்று என்பதை நினைத்தால், அந்தப் பொருளில் ஒரு நட்சத்திரம் தம் பணத்தைப் போட்டதன் துணிச்சல் புரியும். வசூல் சுமார்தான், ஆனால் அடுத்த ஆண்டு சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்ளிட்ட மூன்று சேசார் என்ற பிரெஞ்சுத் திரை விருதுகள் கிடைத்தன. தயாரிப்பாளர் தெலோனின் கணக்கில் இதைவிடப் பெரிய வரவு வேறில்லை என்பது என் கருத்து.

ஓவியம் வாங்குவது அவருக்கு நிஜ வாழ்விலும் பழக்கம். 1960களிலிருந்தே பழைய ஓவியர்களின் கோட்டோவியங்களையும், ரெம்பிரான்ட் புகாட்டி செய்த விலங்குச் சிற்பங்களையும் சேர்த்தார். 2007இல் ஒரு பகுதியை விற்றார். 2023 ஜூனில் பாரிசில் நடந்த ஏலத்தில் ஏறத்தாழ 80 படைப்புகள் விலைபோய், சுமார் 80 லட்சம் யூரோ கிடைத்தது. சேகரித்ததை வாரிசுகளின் கைக்கு விடாமல் தாமே விற்றுக் கணக்கை முடித்துக்கொள்ளும் பழக்கத்தை அதில் காணலாம்.

மாலையில் லா தெஃபான்ஸ் பக்கம் போனேன். இன்று கண்ணாடி அடுக்குமாடிகள் நிற்கும் இந்தப் பகுதியை ஒட்டிய பியூத்தோவில், 1974 பிப்ரவரி 9 அன்று சர்க்கஸ் கூடாரம் போட்டு, அர்ஜென்டினாவின் கார்லோஸ் மொன்சோனுக்கும் மெக்சிகோவில் குடியேறிய கியூபரான ஹோசே நாப்போலெஸுக்கும் இடையே உலக நடுத்தர எடைக் குத்துச்சண்டைப் போட்டியைத் தெலோன் நடத்தினார். நாப்போலெஸ் ஆறு சுற்றுகளுக்கு மேல் தாங்கவில்லை. ஒரு நடிகர் விளம்பரத்துக்காக முன்வரிசையில் உட்கார்வது வேறு, போட்டியையே தாம் நடத்துவது வேறு. தெலோனுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

வெள்ளி: துஷி

பாரிசிலிருந்து தென்கிழக்கே 130 கிலோமீட்டருக்கு அப்பால், லுவாரே மாவட்டத்தில் இருக்கிறது துஷி. நேராக ரயில் கிடையாது. கால்வாய்களுக்கும், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் மிட்டாய்க்கும் பெயர் பெற்ற மோந்தார்ஜி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் போனேன். 1920களில் வேலை செய்துகொண்டே படிக்க வந்த சீன இளைஞர்கள் பலர் தங்கிய ஊர் மோந்தார்ஜி. பின்னாளில் சீனாவை ஆண்ட டெங் சியாவோபிங் பக்கத்து ஊரின் ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறார். டெங் ஆட்சிக்கு வந்து கதவுகளைத் திறந்துவிட்ட 1970களின் இறுதியில் சீனத் திரையரங்குகளில் பெருங்கூட்டம் சேர்த்த முதல் மேற்கத்தியப் படங்களுள் தெலோன் நடித்த ‘ஸோரோ’வும் ஒன்று. அதன் மூலம் சீனாவில் உண்டான புகழ் பிறகு அவருடைய வணிகத்துக்கு நேரடியாகப் பயன்பட்டது.

துஷியில் ‘லா ப்ரூலெரி’ என்ற பண்ணையைத் தெலோன் 1971இல், நடிகை மிரேய் தார்க்குடன் வாழ்ந்த காலத்தில் வாங்கினார். சுற்றிலும் உயர்ந்த மதில். உள்ளே குளம், காடு, சிற்றாலயம், பல ஆண்டுகளாக வளர்த்து இறந்த நாய்களுக்கான கல்லறைத் தோட்டம். நாய்களுக்கு அருகில் தம்மையும் புதைக்க அரசு அனுமதியை முன்கூட்டியே பெற்றிருந்தார். 2024 ஆகஸ்ட் 24 அன்று சுமார் ஐம்பது பேர் முன்னிலையில் அடக்கம் நடந்தது. தேசிய அஞ்சலி வேண்டாம் என்பது அவர் விருப்பம். அதே ஆண்டின் பிப்ரவரியில் காவல்துறை இங்கே சோதனை நடத்தி 72 துப்பாக்கிகளையும் 3,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களையும் கைப்பற்றியது. அவற்றுக்கு உரிமம் இல்லை. பிள்ளைகள் மூவருக்கும் இடையிலான பிணக்கு அதே மாதங்களில் தொலைக்காட்சிச் செய்தியாயிற்று.

இது தனியார் சொத்து, உள்ளே விடமாட்டார்கள். வாயிற்கதவின் எதிரே காரை நிறுத்திப் பத்து நிமிடம் நின்றதோடு சரி. ஓட்டுநர், இறந்த வாரத்தில் இந்தச் சாலை முழுவதும் பூங்கொத்துகளும் கேமராக்களுமாக இருந்தன என்றார். வாழ்ந்தபோது ஊர்க் கடைத்தெருவில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு என்றும் சொன்னார்.

சனி: மார்செய்

பழைய துறைமுகத்தையும் அதன் மேலுள்ள பானியே குன்றின் படிக்கட்டுச் சந்துகளையும் பார்த்தேன். 1930களின் மார்செய் தாதாக்களைப் பற்றிய ‘போர்சாலினோ’வை, ழாக் தெரே இயக்கத்தில், தெலோன் தம் நிறுவனத்தின் மூலம் தயாரித்து 1970இல் வெளியிட்டார். போட்டி நட்சத்திரமான ழான்-போல் பெல்மோந்தோவையும் உடன் நடிக்கச் சேர்த்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம் பலித்தது. பிரான்ஸில் மட்டும் 47 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் நடிகராக ஒரு முறையும் தயாரிப்பாளராக ஒரு முறையும் தெலோனின் பெயர் விளம்பரத்தில் வந்ததை எதிர்த்துப் பெல்மோந்தோ வழக்குத் தொடுத்தார். பெயர்ப் பலகையின் இடத்துக்காக நீதிமன்றம் போன அந்த இருவரும் 1998இல் மீண்டும் ஒரே படத்தில் நடித்தார்கள். இங்கே தங்காமல் மாலை ரயிலில் லியோன் வழியாகப் புறப்பட்டுவிட்டேன்.

ஞாயிறு: ஜெனீவா

12ஆம் எண் டிராமில் ஏறினால் நகர மையத்திலிருந்து சிறிது நேரத்தில் ஷேன்-பூழெரி வந்துவிடுகிறது. 1980களில் தெலோன் ஜெனீவாவில் குடியேறினார். 1999இல் சுவிஸ் குடியுரிமையும் பெற்றார். வரி பற்றி அவரிடம் கேட்காத பத்திரிகையாளர் அரிது. தெ கோலின் கையெழுத்தை நாட்டுக்குக் கொடுத்தவர் வருமானத்தை எல்லைக்கு அப்பால் வைத்தார் என்ற குறை பிரான்ஸில் இருந்தது. குறையில் நியாயம் இல்லாமலில்லை.

வணிகம் அவருக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. தம் பெயரில் வரும் பொருள்களை விற்க ‘அலைன் தெலோன் டிஃப்யூசியோன்’ என்ற நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. ஏற்கெனவே ஜப்பானில் ‘டர்பன்’ என்ற கோட்டுசூட்டு விளம்பரங்களில் தோன்றி, ஐரோப்பிய நேர்த்தியின் முகமாக அவர் நிலைபெற்றிருந்தார். இன்னொருவருடைய துணிக்குத் தம் முகத்தை வாடகைக்குக் கொடுப்பதைவிடத் தம் பெயரையே சரக்காக்கி உரிமத் தொகை வாங்குவது லாபம் என்பது அடுத்த படி. 1980களின் தொடக்கத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஆண்களுக்கான வாசனைத் திரவியம் வந்தது. 1995இல் மெல்வில் படத்தை நினைவூட்டும் ‘சமுராய்’ வந்து ஜப்பானில் நிலைத்தது. தோல் பொருள்கள், கைக்கடிகாரம், மது வகை, கண்ணாடி என்று அந்த அடுக்கு விரிந்தது. ஜான் வூவின் 1986ஆம் ஆண்டுப் படமான ‘எ பெட்டர் டுமாரோ’வில் சோ யுன்-ஃபாட் அணிந்த கறுப்புக் கண்ணாடி தெலோன் பெயர் பொறித்தது, ஹாங்காங்கில் அந்தக் கண்ணாடிகளுக்குத் தட்டுப்பாடே ஏற்பட்டது. தாம் நடிக்காத படம் தம் சரக்கை விற்கும் நிலை எந்த நடிகருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

பெயரின் மதிப்பு தெரிந்தவருக்கு அதைப் பங்கிட மனம் வரவில்லை. மூத்த மகன் அந்தோனி 1980களில் தம் பெயரில் தோல் மேலங்கிகள் விற்கத் தொடங்கியபோது, தந்தை அவர்மீதே வழக்குப் போட்டார். குடும்பப் பெயர் மகனுக்குப் பிறப்பால் வந்தது என்றாலும், கடைப் பலகை தமக்கு மட்டுமே உரியது என்பது தெலோனின் வாதம். தந்தை என்ற முறையில் இது கொடுமையாகத்தான் தோன்றுகிறது. 27 வயதில் மூன்று நாட்டு உரிமைகளைக் கேட்டு வாங்கியவரின் தர்க்கமோ அதில் அப்படியே இருக்கிறது.

அந்தப் பலகை இன்று இரண்டு விதமாக வாழ்கிறது. ழான்-மாரி பெரியே 1966இல் சான் திரோப்பேயில் எடுத்த தெலோனின் புகைப்படம் ஒன்றை தியோர் நிறுவனம் 2009இல் தன் ‘ஓ சோவாஜ்’ வாசனைத் திரவிய விளம்பரத்துக்கு எடுத்தாண்டது. பிரெஞ்சுச் சட்டம் புகையிலையை விளம்பரங்களில் காட்ட இடம் தராததால் அவர் விரல்களுக்கிடையில் இருந்த சிகரெட் படத்திலிருந்து அழிக்கப்பட்டது. கம்போடியாவிலோ ‘அலைன் தெலோன்’ என்பது நன்கு விற்பனையாகும் ஒரு சிகரெட்டின் பெயர். அவருடைய படம் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்கள் அதைப் பெட்டிக்கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.